ஏழு பீரியடில் எத்தனை ஸ்பானிஷ்?

அமெரிக்காவில் பிள்ளையை ஸ்பானிஷ் இம்மெர்ஷன் வகுப்பில் சேர்க்கும் பெற்றோர், அது பற்றி முதலில் யோசிப்பது பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது. கிண்டர்கார்ட்டனுக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். குலுக்கலில் பெயர் வந்துவிட்டால் அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் வண்டி தானாக ஓடுகிறது. பிறகு, ஐந்தாம் வகுப்பு பாதி கடந்திருக்கும்போது இன்னொரு படிவம் வருகிறது. ஆறாம் வகுப்பிலும் ஸ்பானிஷ் வழியில் தொடர்கிறீர்களா, அல்லது வீட்டருகே உள்ள மிடில் ஸ்கூலுக்குப் போகிறீர்களா என்று அது கேட்கிறது. முதல் முடிவைவிட இது கடினமானது. பிள்ளைக்கு இப்போது பதினொரு வயது. தனக்கென்று விருப்பங்கள் உண்டு. நண்பர்கள் வேறு பள்ளிக்குப் போகிறார்கள். இசைக்குழுவில் சேர ஆசை. கணக்கில் மேல் பிரிவுக்குப் போக வேண்டுமே என்ற கவலை பெற்றோருக்கு. இத்தனைக்கும் நடுவில் எடுக்கப்படும் அந்த முடிவுதான், ஆறு ஆண்டுகளில் காதில் ஏறிய மொழி வளர்ந்தவர் பேசி எழுதும் மொழியாகுமா, பள்ளிக்கூட நினைவாகத் தங்கிவிடுமா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

இம்மெர்ஷன் என்றால் ஸ்பானிஷை ஒரு பாடமாகப் படிப்பதல்ல; மற்றப் பாடங்களை ஸ்பானிஷ் வழியாகப் படிப்பது. வரலாறு, அறிவியல், சில இடங்களில் கணக்கு ஆகியவற்றுக்கு ஸ்பானிஷே பயிற்றுமொழி. இந்த அடிப்படையை மனத்தில் வைத்துக்கொண்டால் பள்ளி தேடும் வேலை தெளிவாகும். கட்டடம், தரவரிசை, திறந்த நாளில் பாடும் பாட்டு, வரவேற்பறையில் தொங்கும் பல நாட்டுக் கொடிகள் எல்லாம் இரண்டாம் பட்சம். முதலில் கேட்டு வாங்க வேண்டியது பிள்ளையின் கால அட்டவணை.

ஏன் என்று புரிய இந்தப் பள்ளிகள் எப்படித் தோன்றின என்று பார்க்க வேண்டும். கியூபப் புரட்சிக்குப் பின் மயாமிக்கு வந்து குவிந்த அகதிக் குடும்பங்களின் பிள்ளைகளையும் உள்ளூர் ஆங்கிலப் பிள்ளைகளையும் சேர்த்து, 1963இல் கோரல் வே தொடக்கப்பள்ளி இருமொழி வகுப்புகளைத் தொடங்கியது. நாளின் ஒரு பாதி தாய்மொழியில், மறுபாதி மற்ற மொழியில். ஃபோர்டு அறக்கட்டளை பணம் கொடுத்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1965இல், கனடாவில் மான்ட்ரியலை ஒட்டிய செயின்ட் லாம்பர்ட்டில் ஆங்கிலம் பேசும் பெற்றோர்கள் பள்ளி நிர்வாகத்தோடு போராடித் தங்கள் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு வழிக் கிண்டர்கார்ட்டன் ஒன்றைப் பெற்றார்கள். மெக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் அந்தக் குழந்தைகளை ஆண்டுதோறும் தொடர்ந்து சோதித்து 1972இல் புத்தகமாக வெளியிட்டார்கள். பிள்ளைகளின் ஆங்கிலம் கெடவில்லை, பிரெஞ்சும் வந்தது என்பது அவர்கள் கண்டது. செயின்ட் லாம்பர்ட் வகுப்பை முன்மாதிரியாகக் கொண்டு 1971இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே கல்வர் சிட்டியில் ஸ்பானிஷ் இம்மெர்ஷன் வகுப்பு தொடங்கியது.

மூன்று முயற்சிகளும் சின்னக் குழந்தைகளை வைத்துத் தொடங்கியவை. தொடக்கப்பள்ளியில் ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர். அவர் எந்த மொழியில் பேசுகிறாரோ அதுதான் வகுப்பின் மொழி. மிடில் ஸ்கூலில் அந்த அமைப்பே மாறிவிடுகிறது. ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் ஒவ்வொரு பாடத்துக்கும் தனி ஆசிரியர், தனி அறை. நானூறு ஐந்நூறு பிள்ளைகள் மணி அடித்ததும் இடம் மாறும் கட்டடத்தில், இம்மெர்ஷன் பிள்ளைகள் ஐம்பது அறுபது பேர்தான். அவர்களுக்காக மட்டும் ஸ்பானிஷில் அறிவியல் நடத்த, அறிவியலும் ஸ்பானிஷும் நன்கு தெரிந்த, இரண்டுக்கும் உரிய சான்று பெற்ற ஒருவர் வேண்டும். தொடக்கப்பள்ளியில் கட்டிய வீட்டுக்கு மாடி எழுப்பும் வேலை இது. பல பள்ளி மாவட்டங்கள் அடித்தளம் போட்டுப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அதைப் பற்றி யோசிக்கத் தொடங்கின.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாதிக்குப் பாதி முறையில் நடக்கும் தொடக்கப்பள்ளியில் பிள்ளை நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஸ்பானிஷில் இருக்கிறது. தொண்ணூறுக்குப் பத்து என்ற முறையில் முதல் ஆண்டுகளில் கிட்டத்தட்ட நாள் முழுக்க ஸ்பானிஷ்தான். மேல் வகுப்புக்குப் போகப் போக அது பாதியாகக் குறையும். மிடில் ஸ்கூலில் நாளுக்கு ஏழு பீரியட். ஒரு பீரியட் ஐம்பது நிமிடம் என்று வையுங்கள். அதில் இரண்டு பீரியட் ஸ்பானிஷ் என்றால் நூறு நிமிடம். ஒரு பீரியட்தான் என்றால் ஐம்பது நிமிடம். பக்கத்துப் பள்ளியில் ஸ்பானிஷை விருப்பப் பாடமாக எடுக்கும் பிள்ளைக்கும் அதே ஐம்பது நிமிடம் கிடைக்கிறது. இரண்டு பீரியட் தரும் பள்ளியும் ஒரு பீரியட் தரும் பள்ளியும் பலகையில் ‘இம்மெர்ஷன்’ என்றே எழுதியிருக்கும். நேரம் பாதியாகக் குறைவதை எந்தப் பெயராலும் ஈடுகட்ட முடியாது.

எத்தனை பீரியட் என்பதற்கு அடுத்த கேள்வி, எந்தப் பாடம். பரவலாக நடப்பது ஒரு பீரியட் ஸ்பானிஷ் மொழியும் இலக்கியமும், இன்னொரு பீரியட் சமூக அறிவியல். இது நல்ல இணை. பண்டைய நாகரிகங்கள், அமெரிக்க அரசியல் சட்டம், குடியேற்றம் எல்லாவற்றிலும் படிக்கவும் வாதிடவும் நீளமாக எழுதவும் இடம் இருக்கிறது. அறிவியலும் ஸ்பானிஷில் இருந்தால் இன்னும் நல்லது. கணக்கு மட்டும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிற்கிறது. பிள்ளைகள் திறனுக்கேற்ப வெவ்வேறு நிலைகளில் பிரிந்து உட்காருவதால், இம்மெர்ஷன் பிள்ளைகளை மட்டும் ஒரே அறையில் திரட்ட முடியாது. இதில் குறை காண எனக்கு மனமில்லை. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா எடுக்க நினைக்கும் பிள்ளையின் வழியை இம்மெர்ஷன் அடைத்துவிடுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சில பள்ளிகளில் இம்மெர்ஷன் சமூக அறிவியலும் மேல்நிலைக் கணக்கும் ஒரே பீரியடில் மோதுகின்றன. பேண்ட், ஆர்க்கெஸ்ட்ரா போன்ற விருப்பப் பாடத்துக்கான இடத்தை ஸ்பானிஷ் மொழி பீரியட் தின்றுவிடுவது அதைவிடப் பரவலாக நடக்கிறது. வயலின் வாசிக்கும் பிள்ளையிடம் இதை முன்கூட்டியே சொல்லாமல் சேர்த்தால், செப்டம்பரில் கண்ணீரைப் பார்க்க வேண்டிவரும்.

நன்றாகத் திட்டமிட்ட இடங்களும் உண்டு. வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில், 1986இல் கீ பள்ளியில் தொடங்கிய இம்மெர்ஷன் கன்ஸ்டன் மிடில் ஸ்கூல் வழியாக வேக்ஃபீல்டு உயர்நிலைப்பள்ளி வரை தொடர்கிறது. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் ஐன்ஸ்வர்த் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் வெஸ்ட் சில்வன் மிடில் ஸ்கூலுக்கும் அங்கிருந்து லிங்கன் உயர்நிலைப்பள்ளிக்கும் போகிறார்கள். யூட்டா மாநிலம் 2008இல் சட்டம் போட்டு மாநில அளவில் இரட்டைமொழிக் கல்வியைத் தொடங்கியபோதே மேல் வகுப்புகளுக்கும் வரைபடம் தயாரித்தது. பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் ஏபி எனப்படும் கல்லூரி நிலை மொழித் தேர்வு எழுதுகிறார்கள். அதன்பின் பள்ளியில் இருந்தபடியே பல்கலைக்கழகப் பாடங்கள் எடுக்கிறார்கள். போகுமிடம் தெரிந்ததால் ஏழாம் எட்டாம் வகுப்புப் பாடத்தை அதிலிருந்து பின்னோக்கி வகுக்க முடிந்தது. உங்கள் ஊர்ப் பள்ளியில் அப்படி ஒரு தொடர்ச்சி இருக்கிறதா என்று கேட்பது நியாயமான கேள்வி.

நேரம் குறைகிற அதே வயதில்தான் மொழி வளர்ச்சியும் தயங்குகிறது. கனடாவின் பிரெஞ்சு வகுப்புகளை ஆராய்ந்தவர்கள் எழுபதுகளிலிருந்தே ஒன்றைத் திரும்பத் திரும்பக் கண்டார்கள். இம்மெர்ஷன் பிள்ளைகள் கேட்பதிலும் வாசிப்பதிலும் அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்கு அருகில் வந்துவிடுகிறார்கள். பேச்சிலும் எழுத்திலும் பின்தங்குகிறார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் தாரா ஃபார்ச்சூனும் டயான் டெடிக்கும் கிண்டர்கார்ட்டன் முதல் எட்டாம் வகுப்பு வரையான ஸ்பானிஷ் இம்மெர்ஷன் பிள்ளைகளின் பேச்சுத் திறனை அளந்து 2015இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சுட்டியது. முதல் ஓரிரு ஆண்டுகளில் ஏற்றம் வேகமாக இருக்கிறது. அதன்பின் மேடு ஏறாமல் சமதளத்தில் நடப்பதுபோல் ஆகிவிடுகிறது.

சமதளம் எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் பார்க்கலாம். ‘எல் புரொப்ளேமா’ என்று எழுத வேண்டியதை ஏழாம் வகுப்பிலும் ‘லா புரொப்ளேமா’ என்றே எழுதும். ‘நீ வரவேண்டும் என்று விரும்புகிறேன்’ என்பதற்கு ‘கியேரோ கே வெங்காஸ்’ என்ற விருப்ப வினைவடிவம் வேண்டும். பிள்ளை சாதாரண நிகழ்கால வடிவத்தைப் போட்டு ‘கியேரோ கே வியேனெஸ்’ என்று சொல்லும். இறந்தகாலத்தில், நடந்து முடிந்ததற்கு ஒன்றும் தொடர்ந்து நடந்துகொண்டிருந்ததற்கு இன்னொன்றுமாக ஸ்பானிஷில் இரண்டு வடிவங்கள் உண்டு. பிள்ளை எழுதும் கதையில் அவை இடம் மாறிக் கிடக்கும். கேட்பவருக்கு எல்லாம் புரிகிறது. வகுப்பில் யாரும் திருத்துவதும் இல்லை. புரிந்துவிட்டால் போதும் என்ற அந்த நிம்மதியில்தான் பிழை உறைந்துபோகிறது. மொழி பேசுவதைக் கேட்டுப் புரிந்துகொண்டாலே மொழி வரும் என்று மொழியியலாளர் ஸ்டீஃபன் கிராஷன் வலியுறுத்திய காலத்தில், இம்மெர்ஷன் வகுப்புகளில் பிள்ளைகளைக் கவனித்த மெரில் ஸ்வெய்ன் 1985இல் மறுபக்கத்தை எடுத்துச் சொன்னார். கேட்பது போதாது. சரியாகச் சொல்லியே தீரவேண்டிய நெருக்கடி இருந்தால்தான் பிள்ளை தன் மொழியின் ஓட்டைகளைத் தானே உணரும்.

ஆகவே பள்ளியைப் பார்க்கப் போகும்போது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஸ்பானிஷில் எழுதிய கட்டுரைகளைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கமா, மூன்று பக்கமா? ஆசிரியரின் திருத்தம் அதில் இருக்கிறதா, திருத்தியபின் பிள்ளை மறுபடி எழுதியிருக்கிறதா? கோடிட்ட இடத்தை நிரப்பும் தாள்களே கட்டுக் கட்டாக வந்தால் பதில் கிடைத்துவிட்டது. உங்களுக்கு ஸ்பானிஷ் ஓர் எழுத்துகூடத் தெரியாவிட்டாலும் இதைக் கண்டுபிடிக்கலாம். ஆண்டுதோறும் ஸ்பானிஷ் திறனை வெளித்தேர்வு வைத்து அளக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் மாநிலத் தேர்வு இருக்கிறது. ஸ்பானிஷை யாரும் அளக்காத பள்ளியில் அது குறைந்துகொண்டே போனாலும் எவருக்கும் தெரியாது.

இந்த வயதில் ஸ்பானிஷ் தயங்குவதற்கு இன்னொரு காரணம் பிள்ளைகளின் வயதிலேயே இருக்கிறது. எலெய்ன் டரோனும் மெரில் ஸ்வெய்னும் 1995இல் எழுதிய ஒரு கட்டுரை, மேல் வகுப்புகளில் பிள்ளைகள் தங்களுக்குள் ஏன் ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள் என்று கேட்டது. ஆசிரியரிடமிருந்து பிள்ளை கற்பது வகுப்பறை மொழி. ஒளிச்சேர்க்கையை விளக்க அது போதும். நண்பனைக் கேலி செய்ய, கோபப்பட, அலட்டிக்கொள்ள, ரகசியம் பேச அந்த மொழி அவர்களிடம் இல்லை, யாரும் கொடுக்கவில்லை. பன்னிரண்டு வயதில் இவைதான் வாழ்க்கை. பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் போவதைச் சோம்பல் என்று திட்டுவது தவறு. அவர்களுக்குத் தேவையான மொழி ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் உட்கார்ந்து பார்த்த ஓர் ஏழாம் வகுப்பு அறிவியல் பீரியடில் இதைக் கண்ணெதிரே காண முடிந்தது. உருளைக்கிழங்குத் துண்டுகளை உப்புநீரிலும் சாதாரண நீரிலும் போட்டு எடை பார்க்கும் சோதனை. ஆசிரியர் முதல் பத்து நிமிடம் ஸ்பானிஷில் விளக்கினார். பிள்ளைகளும் ஸ்பானிஷிலேயே பதில் சொன்னார்கள். குழுக்களாகப் பிரிந்ததும் சன்னலோரக் குழுவில் ‘தராசு’, ‘உப்பு’ என்ற சொற்கள் மட்டும் ஸ்பானிஷில் மிஞ்சின, மற்றதெல்லாம் ஆங்கிலம். ஆசிரியர் நெருங்கினால் ஸ்பானிஷ் வரும், அவர் நகர்ந்தால் போய்விடும். அடுத்த மேசையில் மட்டும் நிலைமை வேறு. அங்கே ஹோண்டுராஸிலிருந்து வந்து அதிக காலம் ஆகாத ஒரு சிறுமி இருந்தாள். ஆங்கிலம் அவளுக்கு இன்னும் கைவரவில்லை. ‘ஏன் இது சுருங்கியது? நீ எடையைச் சரியாகப் பார்த்தாயா?’ என்று அவள்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். மற்ற மூவரும் பதில் சொல்லியாக வேண்டும். திணறினார்கள், கையை ஆட்டினார்கள், ஒருவன் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு மறுபடி தொடங்கினான். பீரியட் முடியும்வரை அந்த மேசை ஸ்பானிஷில்தான் இருந்தது.

ஸ்வெய்ன் சொன்ன நெருக்கடியை அந்த மேசையில் உருவாக்கியவள் அந்தச் சிறுமி. அமெரிக்காவில் நாலு கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். கனடாவின் ஆங்கில நகரங்களில் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்காத வசதி இது. வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பேர் வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளாக இருக்கும் இருவழி இம்மெர்ஷனை, வகுப்பு முழுக்க ஆங்கிலப் பிள்ளைகளாக இருக்கும் ஒருவழி இம்மெர்ஷனைவிட நான் மேலாக வைப்பது இதனால்தான். அந்த விகிதம் மிடில் ஸ்கூலிலும் நிலைக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாம் வகுப்பில் சரிபாதியாக இருந்தது, பள்ளி மாறும்போது ஒரு தரப்பு மட்டும் கலைந்துபோவதால் சரிந்துவிடக்கூடும்.

இதைச் சொல்லும்போது மனச்சாட்சி தொடர்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் குவாதலூப்பே வால்டெஸ் 1997இல் ஒரு நீண்ட எச்சரிக்கைக் கட்டுரை எழுதினார். இருமொழிப் பள்ளியில் ஆங்கிலப் பிள்ளை ஸ்பானிஷ் கற்றால் எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஸ்பானிஷ் பிள்ளை ஆங்கிலம் கற்றால் அது கடமை என்று கடந்துபோகிறார்கள். ஆங்கிலப் பிள்ளைக்குப் புரியவேண்டும் என்று ஆசிரியர் ஸ்பானிஷை எளிதாக்கினால் ஸ்பானிஷ் பிள்ளையின் மொழி மெலிகிறது. அந்தப் பிள்ளை வகுப்பில் ஒரு கருவியாக மட்டும் ஆகிவிடலாம். 2016இல் வெரோனிகா வால்டெஸும் உடன் ஆய்வாளர்களும் யூட்டாவை வைத்து எழுதியபோது, வசதியுள்ள, ஏற்கெனவே ஆங்கிலம் பேசும் குடும்பங்களின் பக்கம் இந்தக் கல்வி சாய்ந்துவிட்டதைக் காட்டினார்கள். கலிபோர்னியாவில் இதன் வேதனை கூடுதல். அங்கே 1998இல் நிறைவேறிய வாக்கெடுப்பு, ஸ்பானிஷ் பேசும் ஏழைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி வழிக் கல்வி கிடைப்பதைப் பெரும்பாலும் தடுத்தது. 2016இல் இன்னொரு வாக்கெடுப்பு வந்துதான் அந்தத் தடை நீங்கியது. தன் பிள்ளைக்கு ஸ்பானிஷ் வேண்டும் என்று வரிசையில் நிற்கும் நம்மைப் போன்ற பெற்றோர், பள்ளிக் கூட்டங்களில் அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறாரா, குலுக்கலில் அவர்களுக்கு உரிய இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றனவா, அவர்கள் பிள்ளைகள் மேல்நிலைக் கணக்கில் இருக்கிறார்களா என்று கேட்கக் கடமைப்பட்டவர்கள். அவர்களுக்கு நல்லதாக இல்லாத பள்ளி நம் பிள்ளைக்கும் நல்ல ஸ்பானிஷ் கொடுக்காது.

பெற்றோரை வாட்டும் பெரிய பயம் வேறு: ஆங்கிலமும் மற்றப் பாடங்களும் பின்தங்கிவிடுமோ? இதற்குக் கிடைத்துள்ள சான்று வலுவானது. இம்மெர்ஷன் பிள்ளைகளின் மதிப்பெண்ணை மற்றப் பிள்ளைகளோடு வெறுமனே ஒப்பிட்டால் பயனில்லை. அக்கறை மிகுந்த பெற்றோரின் பிள்ளைகளே அங்கே அதிகம் சேர்கிறார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். போர்ட்லாந்தில் இடம் குலுக்கல் முறையில் கொடுக்கப்பட்டதால் இந்தச் சிக்கலுக்கு வழி பிறந்தது. விண்ணப்பித்த எல்லாப் பெற்றோருக்கும் அக்கறை ஒன்றுதான். இடம் கிடைத்ததும் கிடைக்காததும் சீட்டின் செயல். ஜெனிஃபர் ஸ்டீலும் ராண்ட் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட உடன் ஆய்வாளர்களும் அந்த இரு தரப்புப் பிள்ளைகளையும் தொடர்ந்து ஒப்பிட்டார்கள். இம்மெர்ஷன் இடம் கிடைத்தவர்கள் ஆங்கில வாசிப்பில் ஐந்தாம் வகுப்பில் ஏறக்குறைய ஏழு மாதப் படிப்பு அளவுக்கும், எட்டாம் வகுப்பில் ஒன்பது மாதப் படிப்பு அளவுக்கும் முன்னே இருந்தார்கள். கணக்கிலும் அறிவியலிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நாளின் ஒரு பகுதியை வேறு மொழியில் கழித்தும் இழப்பு இல்லை என்பதே எனக்குப் பெரிய செய்தி. ஆனால் இந்தப் பிள்ளைகள் கிண்டர்கார்ட்டனிலேயே தொடங்கியவர்கள். எட்டாம் வகுப்பின் நன்மையை மிடில் ஸ்கூல் மூன்று ஆண்டுகளின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

படிப்பில் சிரமப்படும் பிள்ளையை இம்மெர்ஷனிலிருந்து எடுத்துவிடச் சொல்வது பள்ளிகளில் சாதாரணம். மெக்கிலின் ஃப்ரெட் ஜெனிசி கியூபெக்கில் ஆராய்ந்தபோது, சராசரிக்குக் கீழான திறனுள்ள பிள்ளைகள் பிரெஞ்சு வழியில் சிரமப்பட்டது உண்மைதான். ஆனால் அதே திறனுள்ள பிள்ளைகள் ஆங்கில வழியிலும் அதே அளவு சிரமப்பட்டார்கள். மொழி அவர்களைக் கூடுதலாகப் பின்னுக்குத் தள்ளவில்லை. சிரமப்படும் பிள்ளைக்கு வேண்டியது உதவி; அந்த உதவி ஸ்பானிஷ் வகுப்பிலும் கிடைக்குமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பல பள்ளிகளில் சிறப்பு உதவி ஆசிரியருக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். அந்த நிலையில் பெற்றோரின் தயக்கம் நியாயமானதே.

ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர முடியுமா என்று கேட்கும் குடும்பங்களும் உண்டு. கனடாவில் ஆறு அல்லது ஏழாம் வகுப்பில் தொடங்கும் பின்தொடக்க இம்மெர்ஷனே தனி வகை. அதில் தீவிரமாக இரண்டு ஆண்டுகள் படித்த பிள்ளைகள் சில தேர்வுகளில் சிறுவயதிலேயே தொடங்கியவர்களை எட்டிவிட்டதை ஜெனிசி காட்டியிருக்கிறார். வளர்ந்த பிள்ளை வேகமாகக் கற்கிறது. ஏற்கெனவே ஒரு மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்திருப்பது கை கொடுக்கிறது. அமெரிக்க ஸ்பானிஷ் பள்ளிகளில் அப்படிப் புதியவர்களுக்கான நுழைவாயில் அரிது. முதல் இரண்டு வகுப்புகளைத் தாண்டினால் ஸ்பானிஷ் திறனைச் சோதித்துத்தான் சேர்ப்பார்கள்.

ஆசிரியர் யார் என்பதைச் சொல்லாமல் இந்த விஷயம் முழுமையாகாது. இம்மெர்ஷன் பள்ளிகளுக்குப் போதிய ஆசிரியர் அமெரிக்காவில் கிடைப்பதில்லை. ஸ்பெயின் நாட்டுக் கல்வி அமைச்சகம் வருகை ஆசிரியர்களை அனுப்புகிறது. லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் வருகிறார்கள். பலர் ஜே-1 என்னும் பரிமாற்ற விசாவில் மூன்று ஆண்டுகளுக்கு வருகிறார்கள், நீட்டித்தால் ஐந்து. அவர்கள் கொண்டுவரும் மொழி வளம் பெரிது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை அமெரிக்கப் பள்ளியில் எப்படிக் கட்டிமேய்ப்பது என்று பிடிபடும் நேரத்தில் திரும்பிப் போகும் நாள் வந்துவிடுகிறது. ஆறாம் வகுப்பில் ஒருவர், ஏழில் வேறொருவர், எட்டில் ஜனவரி வரை ஆளே இல்லை என்றால் நல்ல திட்டமும் பேப்பரில்தான் இருக்கும். கடந்த மூன்று ஆண்டுகளில் ஸ்பானிஷ் வழியில் சமூக அறிவியல் நடத்தியவர்கள் யார் யார் என்று பள்ளி முதல்வரிடம் நேராகக் கேளுங்கள். நல்ல முதல்வர் பெயர் சொல்வார். அடுத்த ஆண்டுக்கு என்ன ஏற்பாடு என்றும் சொல்வார்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனிக் கவலை இருக்கிறது. வீட்டில் தமிழ், ஊரில் ஆங்கிலம், பள்ளியில் ஸ்பானிஷ், பிள்ளை தாங்குமா? இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் முன்வைத்த கருத்து, ஒரு மொழியில் வேர்விட்ட எழுத்தறிவு மற்ற மொழிகளுக்கும் ஊட்டம் தரும் என்பது. கிறிஸ்டினா சான்ஸ் 2000இல் ஸ்பெயினின் காட்டலோனியாவை வைத்து எழுதிய ஆய்வில், காட்டலானும் ஸ்பானிஷும் ஆகிய இரண்டிலும் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் மூன்றாம் மொழியான ஆங்கிலத்தை மேலாகக் கற்றது தெரிந்தது. ஆக, தமிழ் ஒரு சுமையாகாது. ஆனால் இந்த நன்மை தமிழை வாசிக்கவும் எழுதவும் தெரிந்த பிள்ளைக்குத்தான் பெரிதும் சேரும். அப்பா தமிழில் கேட்க மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பழக்கம் இறுகுவதும் இதே பதினொன்று முதல் பதினான்கு வயதுக்குள்தான். ஸ்பானிஷ் வீட்டுப்பாடம் அதிகம் என்று வார இறுதித் தமிழ்ப் பள்ளியை நிறுத்துவதை நான் பலமாக எதிர்ப்பேன். ஸ்பானிஷைக் கற்க ஊர் முழுக்க வாய்ப்பு இருக்கிறது, இருபது வயதிலும் கற்கலாம். தமிழுக்கு வீட்டையும் அந்த வார இறுதிப் பள்ளியையும் தவிர அங்கே வேறு இடமில்லை. கலிபோர்னியா 2011இல் சட்டமாக்கிய இருமொழித் திறன் முத்திரை உயர்நிலைப்பள்ளிப் பட்டயத்தில் பதிக்கப்படுவது. ஆங்கிலத்தோடு வேறு எந்த மொழியில் தேர்ச்சி காட்டினாலும் அது கிடைக்கும், தமிழானாலும்.

எனவே எந்தப் பள்ளி? நாளில் இரண்டு பீரியடாவது ஸ்பானிஷ், அதில் ஒன்று மொழியல்லாத பாடம், வீட்டில் ஸ்பானிஷ் பேசும் சக மாணவர்கள், நிலைத்த ஆசிரியர்கள், எழுதித் திருத்தும் பழக்கம். இவை இருக்கும் இடத்தில், வேறு காரணங்கள் தடுக்காதவரை, தொடர்வதே சரி என்பேன். பள்ளித் தரவரிசையில் பக்கத்துப் பள்ளி ஒன்றிரண்டு படி மேலே இருந்தாலும்கூட. இவற்றில் பாதி இல்லாத பள்ளிக்காகத் தினமும் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் பஸ்ஸில் பிள்ளையை அலையவிடுவதைவிட, வீட்டருகே உள்ள பள்ளியில் சேர்த்துக் கோடைகாலத்தில் ஸ்பானிஷ் முகாமுக்கு அனுப்புவது மேல். பிள்ளை மனமில்லாமல் தொடர்ந்தால் நல்ல பள்ளியிலும் அது வாய் திறக்காது. அதனால் இந்தக் கேள்விகளைக் கேட்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கும் ஓர் இம்மெர்ஷன் மாணவியோடு பெரியவர்கள் இல்லாமல் பதினைந்து நிமிடம் பேச விடும்படி கேட்டால் பெரும்பாலான பள்ளிகள் மறுக்காது. வீட்டுப்பாடம் எவ்வளவு, எந்த ஆசிரியர் நன்றாக நடத்துகிறார், மதிய உணவு மேசையில் யாரோடு உட்காருகிறார்கள் என்பதையெல்லாம் பிள்ளையே கேட்டுத் தெரிந்துகொண்டு வரட்டும். அதன்பின் படிவத்தை இருவருமாக உட்கார்ந்து நிரப்பலாம்.